சோடியம் நார்மல்

அவரோடு சேர்ந்து வேலை செய்த அத்தனை வருஷத்தில் அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அபிப்பிராயம் கேட்டார். உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லி அனுப்பினோம்.

அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கேலிதான். ஆனால் நடந்தது அப்படியே நடந்தது, நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிற திறமை எனக்குக் கிடையாது. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் தொண்டையில் எச்சில் இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவர் பெயர் வேண்டாம். அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன். நெய்வேலி சுரங்கத்தில் கரி போகிற பெல்ட்டை கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் அவர். பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற கரியையும் மண்ணையும் மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிறவர்கள் நாங்கள் எட்டுப் பேர். அவர் பர்மனென்ட், நாங்கள் கான்ட்ராக்ட். முதல் நாள் நான் அவரை சார் என்று கூப்பிட்டேன்.

"சார் எல்லாம் வேணாம் தம்பி. அண்ணன்னு கூப்பிடு. உறவு இருக்கணும்" என்றார்.

பெரிய மனசு என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் விஷயம் புரிந்தது. சார் பேசிக்கொண்டிருந்தால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடலாம். அண்ணன் பேசினால் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

அவர் பேசுவது உடம்பைப் பற்றி. குறிப்பாக உடம்புக்குள் இருக்கிற செல்லைப் பற்றி. அவருடைய மகள் பன்னிரண்டாவது படித்தபோது உயிரியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். மகள் மொத்தப் புத்தகத்தையும் படித்து பாஸானாள். இவர் முதல் பாடத்தை மட்டும் படித்து டாக்டர் ஆகிவிட்டார். அதற்கு மேல் வேலையிடத்தில் மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். அதற்கு ஒரு சர்டிபிகேட். அதைக் கண்ணாடி போட்டு குவார்ட்டர்ஸ் முன் அறையில், சாமி படங்களுக்கு ஒரு அடி மேலே மாட்டியிருந்தார்.

எங்கள் ரெஸ்ட் ஷெட்டில் டீ வருகிற பத்து நிமிஷம்தான் அவருக்குக் கிளினிக். ஒரு நாள் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"இது என்ன சொல்லு."

"காய்ப்புங்க."

"காய்ப்பு இல்ல. இது உன் தோல் எடுத்த முடிவு. தினமும் மம்முட்டி தேய்க்குது. செல்லு பாத்துச்சு. இவன் இந்த வேலைய விடப்போறதில்ல, நாமதான் பழகிக்கணும்னு கூட்டமா சேர்ந்து தடிச்சிடுச்சு. அதோ அவன் தோள் பாரு, எவ்ளோ பெருசு. வேலை குடுத்தா செல்லு பெருக்கும். வேலை குடுக்கலன்னா சுருங்கும். கட்டு போட்ட கால் எப்படி சூம்பிப் போவுது? அந்த மாதிரி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் நாக்கு இந்நேரம் சுண்டைக்கா அளவுதான் இருக்கும். நீ அதை யூஸே பண்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லலாம்தான். உங்க நாக்கு என்னண்ணே சைஸ் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அது இரண்டு நாள் கழித்து, சைக்கிளில் வரும்போது தோன்றியது.

"உடம்பு பழகிக்கும்." இதுதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து. தூசியில் இருமுகிறவனிடம் சொல்வார். வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்தவனிடம் சொல்வார். ஷிப்ட் மாறி ஷிப்ட் மாறித் தூக்கம் கெட்டவனிடம், கேபினில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்வார். ஷிப்ட் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாக வரும் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்வார்கள். ஆட்கள் நின்றுகொண்டு வருவார்களாம், அந்த சீட்டில் உட்கார மாட்டார்களாம். அவர்களுக்கும் உடம்பு பழகிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் அவருக்கு மறுபேச்சு பேசுகிற ஒரே ஆள் பச்சையம்மா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். கரி அள்ளுவதில் ஆண்களுக்குச் சமம், வாயில் ஆண்களுக்கு மேல். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

வாட்ஸ்அப் வந்த புதிது. யாரோ எங்கிருந்தோ அவருக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அண்ணனுக்குத் தண்ணீர் பைத்தியம் பிடித்தது. எல்லா நோய்க்கும் காரணம் செல் காய்ந்துபோவது. ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் குடித்தால் எந்த நோயும் அண்டாது. கூடவே உப்பு ஒரு விஷம். அது செல்லில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு பெரிய நீல கேனைக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்தார். ஒவ்வொரு லிட்டர் உள்ளே போனதும் சுவரில் சாக்பீசால் ஒரு கோடு போடுவார். ஷிப்ட் முடியும்போது கோடு குறைந்திருந்தால் நின்றபடியே கடகடவென்று குடித்துக் கணக்கை நேர் செய்வார்.

வெயில் காலத்தில் எங்களுக்கு ஒரு பானை நீர்மோர் வரும். உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. அந்த வருஷம் அண்ணன் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு எங்களைத் தடுத்தார்.

"இதுல உப்பு. குடிக்காத. பச்சைத் தண்ணி குடி."

"வேத்து ஊத்துதே சார். சட்டையெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்குது பாரு" என்றாள் பச்சையம்மா. அவள் மட்டும் கடைசிவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள்.

"கெட்டது வெளிய போவுது. போவட்டும்."

பர்மனென்ட் சொன்னால் மீறுவது கஷ்டம். மோரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தோம். மூன்றாம் நாள் எங்களில் இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு கரியிலேயே உருண்டான். அண்ணன் கேபினிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. காய்ஞ்ச செல்லுக்குத் தண்ணி இப்பதான் போய்ச் சேருது. விரியும்போது வலிக்கத்தான் செய்யும்."

அவர் மேலே ஏறினதும் பச்சையம்மா தன் தூக்கிலிருந்த கூழில் ரெண்டு கல் உப்பைக் கூடப் போட்டுக் கரைத்து அவனுக்குக் கொடுத்தாள். அரை மணியில் எழுந்துவிட்டான். மறுநாளிலிருந்து அவர் கண்ணுக்குத் தெரியாமல் பெல்ட் தூணுக்குப் பின்னால் போய் மோர் குடித்தோம். கள் குடிக்கிற மாதிரி. யாருக்கும் கால் முறுக்கவில்லை. அதையும் அண்ணன் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

"பாத்தியா, உடம்பு பழகிக்கிச்சு."

"ஆமா சார், நல்லாப் பழகிக்கிச்சு" என்றாள் பச்சையம்மா, உதட்டு மேல் இருந்த மோரைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த மே மாதம்தான் அது நடந்தது. அதற்குள் அவர் வீட்டில் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். அவருடைய மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அண்ணி தனக்குத் தனியாகக் குழம்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். எங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அண்ணியின் தம்பிக்கு ரத்தக்கொதிப்பு. அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, உடம்பிலிருக்கிற உப்பை மூத்திரத்தில் வெளியேற்றுகிற மாத்திரை. மச்சானுக்குப் பொருந்தினால் நமக்கும் பொருந்தும் என்று அதே சீட்டைக் காட்டி வாங்கி இவரும் ஒரு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். உப்பு உள்ளே போகிற வழியை அடைத்தாயிற்று. வெளியே போகிற கதவைத் திறந்துவிட்டாயிற்று. மிச்சம் இருப்பதைக் கரைக்க ஆறு லிட்டர் தண்ணீர்.

இரண்டு மூன்று நாளாகத் தலைவலி என்றார். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடினார். எல்லாவற்றுக்கும் அவரே காரணமும் சொல்லிவிட்டார். செல் அழுக்கை வெளியேற்றுகிறது. முந்தின நாள் டீ நேரத்தில், நம்ம பெல்ட் இப்போது நேராக வடலூர் போகிறது, பஸ் ஸ்டாண்டில் கரி இறக்குகிறார்கள் என்றார். தலையாட்டினோம். செல்லுக்கெல்லாம் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அதற்கு ஓவர்டைம் கிடையாது என்றார். அதற்கும் தலையாட்டினோம். அவர் பேச்சில் எது வழக்கமானது, எது புதிது என்று பிரிக்கிற பழக்கம் எங்களுக்கு விட்டுப்போய் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். நல்லவேளையாக அன்றைக்கு பெல்ட்டை பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். ஷெட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நின்றுவிட்டது. அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. என் பக்கம் திரும்பினார். கண் எங்கேயோ இருந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீ என்ன நெனைக்கிற?"

அவர் பிடியை விடுவித்துக்கொண்டு எழுந்து பச்சையம்மாவிடம் ஓடினேன்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. ரொம்ப மோசம்."

"என்னாச்சு, வுயுந்துட்டாரா?"

"இல்ல. என்கிட்ட அபிப்பிராயம் கேக்குறாரு."

பச்சையம்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. போர்மேன் அறையைப் பார்த்து ஓடினாள், போகும்போதே கத்திக்கொண்டு போனாள். கால் மணியில் ஆம்புலன்ஸ் வந்தது. மறுபடி பிடித்த என் கையை அவர் விடாததால் நானும் ஏறினேன். "நீ அங்க போயும் வாயத் தொறக்க மாட்ட" என்று பச்சையம்மாவும் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. சின்னப் பெண், ஆனால் அவசரமில்லாமல் கேட்டார்.

"எத்தனை நாளா குழப்பமா பேசறாரு?"

"பதினோரு வருசமாங்க" என்றாள் பச்சையம்மா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பச்சையம்மா முகத்தில் சிரிப்பு இல்லை.

"சரி. இன்னைக்குப் புதுசா என்ன கவனிச்சீங்க?"

பச்சையம்மா என்னை முழங்கையால் இடித்தாள். நான் சொல்லித்தான் ஆக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "என்ன நெனைக்கிறன்னு என்னைக் கேட்டாருங்கம்மா." டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். பிறகு என்ன எழுதினார் என்று தெரியாது. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சோடியம் நூற்றுப் பன்னிரண்டு. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அதற்குள் அண்ணி வந்துவிட்டார். பையில் மாத்திரை அட்டையும் இருந்தது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், உப்பைப் பற்றிக் கேட்டார், தண்ணீரைப் பற்றிக் கேட்டார். ஆறு லிட்டர் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து சீப்புல பேஸ்ட் வச்சு பல்லு தேச்சாரும்மா" என்றார் அண்ணி. "இதுவும் ஏதோ புது வைத்தியம்னு நெனச்சு நான் சும்மா இருந்துட்டேன்."

டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தத்தில் உப்பு குறைந்தால் தண்ணீர் செல்லுக்குள் போய்விடும். செல் வீங்கும். மற்ற இடத்தில் வீங்கினால் இடம் இருக்கிறது. மூளை வீங்கினால் மண்டை ஓடு விரியாது. அதனால்தான் தலைவலி, வாந்தி, குழப்பம். இந்த அளவில் வீக்கம் வடிந்துவிட்டால் செல் பழையபடி ஆகிவிடும். இன்னும் போனால் வலிப்பு வரும், செல் செத்துப்போகும். செத்த செல் திரும்பாது.

"அப்ப உப்பு ஏத்திடுங்கம்மா, சீக்கிரம்" என்றார் அண்ணி.

"அதுதான் கூடாது. இவருக்கு ஒரே நாள்ல குறையல, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்கு. வீங்காம இருக்கிறதுக்காக மூளை செல் தன்கிட்ட இருந்த உப்பு, மத்த சரக்கெல்லாம் வெளிய போட்டுட்டு அந்தக் குறைவுக்கே பழகிடுச்சு. இப்ப திடீர்னு உப்பு ஏறினா, செல்லுல இருக்கிற தண்ணிய அது வெளிய இழுத்துடும். செல் சுருங்கும். நரம்பைச் சுத்தி இருக்கிற உறை கழண்டுடும். அப்புறம் கை கால் வராது. விழுங்க முடியாது. பேச்சு போயிடும். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்கு மேல ஏறாம நாங்க பாத்துக்கணும். அதுக்குத்தான் மறுபடி மறுபடி ரத்தம் எடுப்போம். வெளியிலேர்ந்து நீங்க எதுவும் குடுக்காதீங்க."

பேச்சு போயிடும் என்றபோது பச்சையம்மா என்னைப் பார்த்தாள். நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். என்ன நினைத்தோம் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரே ஒரு நொடிதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்குமே வெட்கமாகப் போய்விட்டது. அவள் புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிவதற்குள் திரும்பணும் என்று போய்விட்டாள்.

உடம்பு பழகிக்கும் என்று பதினோரு வருஷமாகச் சொன்னவருக்கு உடம்பு பழகிக்கொண்டதுதான் இப்போது ஆபத்து. இதை அவரிடமே சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பெல்ட்டு நிக்குதா?" என்றார். நிக்குதுண்ணே என்றேன்.

அண்ணி வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். நர்ஸ் நாலு கட்டில் தள்ளி வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி பைக்குள் கைவிட்டு அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்தார். அடியில் கல் உப்பு கரையாமல் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. குழம்பில் உப்பு இல்லையென்றால் போட்டுவிட்டால் சரியாகிவிடும். முப்பது வருஷமாக அடுப்படியில் அவருக்குத் தெரிந்த நியாயம் அது. டாக்டரம்மா சொன்னதில் உப்பு குறைந்துவிட்டது என்ற பாதிதான் அவர் காதில் நின்றிருக்கிறது. மிச்சப் பாதியைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. கண் சிவந்திருந்தது.

"கொஞ்சம் தலைய தூக்கிப் பிடிங்க தம்பி. நர்ஸம்மா பாக்கறதுக்குள்ள குடுத்துடறேன். டிரிப்ல சொட்டு சொட்டா ஏத்திகினு இருந்தா எப்ப ஏறுறது?"

வேண்டாம் அண்ணி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இரண்டு வார்த்தை. அண்ணி மூடியைத் திறந்தார். அண்ணன் வாயைத் திறந்தார், வாயைத் திறப்பதில் அவருக்கு எப்போதும் தயக்கம் கிடையாது. எனக்குப் பேச்சு வரவில்லை, கை வந்தது. பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன்.

"என்ன தம்பி?"

எதற்குப் பிடுங்கினேன் என்று சொல்ல வேண்டும். அண்ணி என் முகத்தையே பார்க்கிறார்.

"தாகமா இருக்குதுங்க" என்றேன்.

குடித்தும் விட்டேன். நாலு மடக்கு. அதற்கு மேல் உடம்பு அனுமதிக்கவில்லை. கக்கூஸ் வரை போக முடியாமல் வார்டு வாசலிலேயே எல்லாம் வெளியே வந்தது. நர்ஸ் ஓடிவந்து, பாட்டிலை முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. விஷயம் தெரிந்ததும் அண்ணியைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். இதை உள்ளே கொடுத்திருந்தால் உங்க வீட்டுக்காரர் இனிமே பேசாம படுத்த படுக்கைதான் என்று. அண்ணி வராண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போனார். ஒரு இளநீர் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் என்று எழுதிவிட்டார்கள். முக்கால் லிட்டர். பாட்டிலில் நர்ஸ் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். கோட்டுக்கு மேல் ஒரு மடக்கு கிடையாது. ஷெட் சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

சோடியம் ஒரு நாளைக்கு ஏழு, எட்டுப் புள்ளியாக ஏறியது. மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் அவரிடம் என்ன ஊர், என்ன கிழமை, உங்க பேர் என்ன என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னார். நர்ஸ் திருப்தியாகப் போய்விட்டார். எனக்குத் திருப்தி இல்லை. ஊர் பேரெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நான் என் பரிசோதனையைச் செய்தேன்.

"அண்ணே, தண்ணி அதிகமா குடிச்சதுனாலதான் இப்படி ஆச்சுன்னு டாக்டரம்மா..."

"உனக்கு என்ன தெரியும்? இது செல்லு விஷயம். நீ குறுக்க பேசாத."

நான் எழுந்து வராண்டாவுக்குப் போனேன். பச்சையம்மாவுக்கு போன் போட்டு, அண்ணன் பொழைச்சிட்டாரு என்றேன். "எப்பிடி சொல்ற?" என்றாள். சொன்னேன். "அப்ப சரி" என்றாள்.

திரும்பி வந்தவர் சும்மா இருந்தாரா. நீல கேன் போய்விட்டது. அதன் இடத்தில் சோடியம் வந்தது. அடுத்த ஆறு மாசம் ஷெட்டில் சோடியம், பொட்டாசியம் தவிர வேறு பேச்சில்லை. நீர்மோர்ப் பானைக்கு முன்னால் மறுபடியும் நின்றார், இந்தத் தடவை யாராவது குடிக்காமல் போனால் பிடித்து இழுத்துக் குடிக்க வைத்தார்.

"வேர்வைல உப்புப் போவுதில்ல? பச்சைத் தண்ணியா குடிச்சா செல்லு வீங்கிடும். இதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்."

"ஆமா சார், நாங்க எங்க படிச்சோம்" என்றாள் பச்சையம்மா.

தன் மூளை செல் குறைந்த உப்புக்குப் பழகிக்கொண்டதை, தான் சொல்லிக்கொடுத்துப் பழக்கியது மாதிரி சொல்வார். மத்தவன் செல்லா இருந்தா அன்னைக்கே செத்திருக்கும் என்பார். என்னைப் பற்றியும் அந்தக் கதையில் ஒரு இடம் உண்டு. "எனக்குன்னு வூட்லேர்ந்து கொண்டாந்த தண்ணி. இந்த ஆளு தாகம்னு புடுங்கிக் குடிச்சிட்டு வாசல்ல வாந்தி எடுக்குறான். நோயாளி நானா அவனா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் அதற்குப் பிறகு தினமும் நான் மண்வெட்டி வைக்கிற மூலையில் ஒரு சின்னத் தூக்கு இருந்தது. வீட்டு மோர், உப்புப் போட்டது. அவர் ரிட்டையர் ஆகும்வரை ஒரு நாள் தவறவில்லை. யார் வைக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்சைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார். ஷெட்டில் டீ நேரம் பத்து நிமிஷம் என்பது அப்போதுதான் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் செல்போனைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். வேலை கொடுக்காவிட்டால் சுருங்கும் என்று சொன்னாரே, எங்கள் காது என்ன சைஸில் இருக்கிறதோ.

ஒரு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. அவர்தான். நலம் விசாரித்தார். குரல் தாழ்ந்து இருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பேரன் ஸ்கூலுக்கு, எதிர் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது என்றார். நிறுத்தினார். பிறகு சொன்னார்.

"நானும் உங்க அண்ணியும் நம்ம நெய்வேலி மந்தாரக்குப்பம் பக்கமே ஒரு வாடகை வீடு எடுத்துக்கிட்டு வந்துடலாமான்னு பாக்கறேன் தம்பி. நீ என்ன நெனைக்கிற?"

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன்.

"அண்ணே, போனை அண்ணிகிட்ட குடுங்க."

"ஏன், நான் கேட்டதுக்கு..."

"மொதல்ல குடுங்கண்ணே."

என் வாழ்நாளில் நான் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அண்ணியிடம் தலைவலி இருக்கிறதா, தள்ளாடுகிறாரா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், சீப்பு எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன். அண்ணியும் பயந்துவிட்டார். நாளைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள், சோடியம் என்று சொல்லிப் பாருங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணி கூப்பிட்டார். "நூத்தி முப்பத்தெட்டு. நார்மலாம் தம்பி. டாக்டர் ஏன் வந்தீங்கன்னு கேக்கறாரு."

"அப்பாடா" என்று போனை வைத்தேன். பெரிய பாரம் இறங்கியது. நாலு எட்டு நடந்திருப்பேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சோடியம் நார்மல். அப்படியென்றால் அவர் நிஜமாகவே என்னைக் கேட்டிருக்கிறார்.

அன்று முழுக்க கரி அள்ளும்போதெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்தேன். பச்சையம்மா, என்னா தனியா பேசிகினு கெடக்குற, உனக்கும் உப்பு எறங்கிடுச்சா என்றாள். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று நானே அவருக்கு போன் போட்டேன். அதுவரை நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணே, நீங்க கேட்டீங்களே. வந்துடுங்கண்ணே. இங்க டீ நேரத்துல ஷெட்டு சும்மா கெடக்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எனக்கு மறுபடி பயம் வந்தது. பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. இந்த வயசுல திடீர்னு இடம் மாறக் கூடாது. செல்லு ஒரு எடத்துக்குப் பழகிடுச்சுன்னா..."

நாற்பது நிமிஷம் பேசினார். ஏன் வர முடியாது என்று செல் செல்லாக விளக்கினார். பிற்பாடும் அவர் வரவில்லை. அன்றைக்கு அவர் பேசி முடிப்பதற்குள் சைக்கிள் ஸ்டாண்டு காலியாகிவிட்டது. போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டு நின்றிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போது மட்டும், "சொல்லுங்கண்ணே" என்றேன்.